எதிரில் நிற்பவரும் இரத்த அழுத்தமும்

இரத்த அழுத்தமானி, அது கட்டப்பட்ட கைக்குரியவரின் உடல்நிலையை மட்டுமே காட்டுகிறது என்பது பொதுவான எண்ணம். அது முழுவதும் சரியன்று. கருவியைக் கையாள்பவர் யார் என்பதும் அந்த எண்ணில் கலந்துள்ளது.

இத்தாலியின் மிலான் நகரில் மான்சியா என்பவரும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை ஐயமின்றிக் காட்டிற்று. மருத்துவமனையிலிருந்த 48 பேரின் தமனியில் நுண்குழாய் செலுத்தி, அழுத்தத்தை இடைவிடாது பதிவு செய்தனர். மருத்துவர் படுக்கையருகே வந்து அழுத்தத்தை அளக்க முற்பட்டதும் மேல் அழுத்தம் சராசரியாக 27 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் 15 மில்லிமீட்டரும் உயர்ந்தன. முதல் நான்கு நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிய இவ்வுயர்வு, பத்து நிமிடங்களில் பெரும்பாலும் தணிந்துவிட்டது. அதே பணியைச் செவிலியர் செய்தபோது உயர்வு ஏறக்குறையப் பாதியாகவே இருந்ததென்று 1987-இல் அக்குழுவினர் தெரிவித்தனர். செயல் ஒன்றே, செய்பவரின் நிலைதான் வேறு. அமெரிக்காவில் லிஞ்ச் முதலியோர் 1982-இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது: பேசும்பொழுது எவருக்கும் அழுத்தம் சிறிது ஏறும், எதிரிலிருப்பவர் தம்மினும் உயர்ந்த நிலையினர் என்று கருதிப் பேசும்பொழுது அது மேலும் ஏறிற்று.

இதன் உட்காரணம் அச்சம் என்னும் ஒரு சொல்லில் அடங்காது. ஒருவர் தம்மை மதிப்பிடுகிறார் என்று மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, அட்ரினல் சுரப்பி அட்ரினலினை வெளிவிடுகிறது. நாடி விரைகிறது, தோலின் சிறு குழாய்கள் சுருங்குகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. சில நிமிடங்கள் கழித்துக் கார்ட்டிசால் மிகுகிறது. டிக்கர்சன், கெமனி ஆகிய இருவரும் 2004-இல் 208 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, வேலை கடினமாயிருப்பதைக் காட்டிலும், பிறர் மதிப்பிடும் நிலையும் முடிவு தம் கையில் இல்லாத நிலையும் ஒருங்கே சேர்ந்தபொழுதே கார்ட்டிசால் மிகுதியாக உயர்வது புலப்பட்டது. உடல், தான் பிறர் கண்ணில் எவ்வாறு தென்படுகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது போலும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் பணியாற்றுவோர்க்கு இச்செய்தி வெறும் ஆய்வுக்கூடச் செய்தியன்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்க்கு, கங்காணிமுன் நின்று விடை கூறுவது பாட்டன் காலத்துப் பழக்கம். மருத்துவமனையில் கேட்கப்படும் மொழியோ பெரும்பாலும் மலையாளம். சாதி வேற்றுமையும் மறைந்துவிடவில்லை. வட்டவடையில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு முடிதிருத்தும் கடைகளில் இடம் மறுக்கப்பட்டமையால், 2020-இல் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்க நேர்ந்தது. பாலக்காட்டின் முதலமடைப் பகுதியில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பைப் பற்றி 2017-இல் எழுந்த தீண்டாமைப் புகார்களும் பலர் அறிந்தவை. இத்தகைய வாழ்விலிருந்து வரும் ஒருவர், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அலுவலரிடம் கையை நீட்டும்பொழுது, அவ்வாழ்வு முழுவதும் அக்கையோடு வருகிறது.

எனவே ஒரே அளவீட்டில் 150/95 என்று கண்டவுடன் அட்டையில் நோயாளி என்று எழுதிவிடுதல் தவறு. அதை ‘பயத்தினால் வந்தது’ என்று தள்ளிவிடுதல் அதனினும் பெருந்தவறு. உண்மையான நோய் அவ்வாறு தப்பிச் சென்று பின்னர்ப் பக்கவாதமாக வெளிப்படலாம். மேட்டில் ஏறி வந்த மூச்சிரைப்பு, மலைக்குளிர், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியனவும் எண்ணை உயர்த்துவன என்பதை மறவாமல், வந்தவரை முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, ஐந்து நிமிடம் அமரச் செய்ய வேண்டும். அளக்கும்பொழுது இருவருமே பேசலாகாது; வீட்டு விவரங்களைக் கேட்டுக்கொண்டே காற்றடிப்பது நம் முகாம்களில் சாதாரணமாகிவிட்ட ஒரு குறை. ஓரிரு நிமிட இடைவெளியில் மீண்டும் அளந்தால் முதல் எண் பெரும்பாலும் கூடுதலாயிருந்தது தெரியும். ஐயமிருப்பின், வேறொரு நாளில், அதே லயத்தில் வாழும், அவர் மொழி பேசும் ஆஷா பணியாளர் வீட்டிலேயே அளப்பது நன்று. அழுத்தம் மிகக் கடுமையாக உயர்ந்திருந்தாலோ, நெஞ்சுவலி, பேச்சுக்குழறல் போன்ற குறிகள் இருந்தாலோ காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பள்ளியில் அழுத்தமானி இல்லை. ஆயினும் நிகழ்வது இதற்கு நெருங்கியதே. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவை 2004-இல் வெளியிட்டனர். தாளில் வரைந்த சிக்கல்வழிகளுக்கு வழி கண்டுபிடிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. சாதி அறிவிக்கப்படாதபோது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்க்கு ஏறக்குறைய நிகராகவே செய்தனர். ஒவ்வொருவரின் பெயரும் சாதியும் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டபின், அதே வேலையில் அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கினர். அறிவு அந்தச் சில நிமிடங்களில் குறைந்திருக்க இயலாது.

உதவித்தொகைப் பட்டியலுக்காக மாணவரின் சாதிவிவரத்தைச் சேகரிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. அதனை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கேளாமல், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விடுபட்ட விவரத்தைப் பெற்றோரிடம் தனியே கேட்கலாம். தேர்வு நாளன்று மட்டும் எவ்வகையிலும் கேட்கலாகாது.