பிறந்தநாள் அணிச்சலும் நல்ல ரொட்டிக்கடையும்



ஆண்டுதோறும் என் அறைக்கு வந்து பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. வகுப்பில் வெட்டுவதற்கு நல்ல கேக் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்பதே அது. கேக்கை நம் பள்ளிகளில் அணிச்சல் என்று கற்பிக்கிறோம். நானும் அவ்வாறே எழுதுகிறேன். என் இளமையில் தோட்டத்துப் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், அவ்வளவே. சுடரை வாயால் ஊதி அணைப்பது ஆகாது என்று லயத்துப் பாட்டிமார் முணுமுணுத்தது இன்றும் நினைவிருக்கிறது. இப்பொழுது அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு அணிச்சலின்றிப் பிறந்தநாள் இல்லை.

கேள்வி எளியதே. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பின், நான் அதற்குச் சட்டென்று விடை கூறுவதில்லை.

அப்பொழுது இரண்டாம் ஆண்டில் பயின்ற சிறுமி ஒருத்திக்கு முட்டை ஒவ்வாது. அவளுடைய தோழியின் பிறந்தநாள் வந்தது. இவளும் உண்ண வேண்டும் என்பதற்காக, பட்டணத்துக் கடை ஒன்றில் முட்டையில்லாத அணிச்சலுக்கு நானே ஏற்பாடு செய்தேன். கடையினரும் இசைந்தனர். கண்ணாடிப் பெட்டியின் அழகில் மயங்கிய நான் மேற்கொண்டு எதையும் வினவவில்லை. மறுநாள் ஒரு துண்டை உண்ட சிறிது நேரத்தில் அக்குழந்தையின் உதடுகள் வீங்கின, கழுத்தில் தடிப்புகள் எழுந்தன, மூச்சு இரைத்தது. தோட்டத்துக் கிராணியாரின் வண்டியில் மருத்துவமனைக்கு விரைந்தோம். மருத்துவர் ஊசி போட்ட பின்னரே மூச்சு சீராயிற்று. பிறகு விசாரித்ததில், அணிச்சலில் முட்டை சேர்க்கவில்லை என்பது உண்மையாகவே இருந்தது. ஆனால், சற்று முன்னர் முட்டை அடித்த அதே பாத்திரத்தில் அந்த மாவையும் கலக்கியிருந்தனர்.

அன்று முதல், கடையின் அழகைவிட அடுப்படியில் நிற்பவரின் விடையையே நான் பெரிதாக எண்ணுகிறேன். "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்? எந்தப் பாத்திரத்தில் கலக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் சொல்பவரின் கடை நல்ல கடை. "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று மழுப்புகின்ற கடைக்கு ஒவ்வாமையுள்ள குழந்தையை நம்பி ஒப்படைக்க இயலாது. பிற இடத்தில் செய்ததை வாங்கி வைத்து விற்கும் கடையில், விற்பவருக்கே இவ்விவரம் தெரிந்திராது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகளின்படி, உறையிட்டு விற்கும் உணவில் முட்டை, பால், கடலை, கோதுமை முதலியவை இருந்தால் அதனைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். ஆனால் நாம் சொல்லிச் செய்விக்கும் அணிச்சலின் பெட்டியில் பெரும்பாலும் அத்தகைய சீட்டைக் காண முடிவதில்லை. எனவே வாய்விட்டுக் கேட்பதே வழி.

முட்டை இல்லாமல் அணிச்சல் எப்படி உப்பும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். முட்டையை நன்றாக அடிக்கும்பொழுது அதனுள் காற்றுக்குமிழிகள் அடைபடுகின்றன. சூட்டில் அவை விரிந்து மாவைத் தூக்குகின்றன. அந்த வேலையின் பெரும்பகுதியை ரொட்டிச் சோடா மாவும் செய்யும். ஈரமும் சூடும் பட்டவுடன் அது கரிவளியை வெளியிடுகிறது. இம்மாவின் கதை சுவையானது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பெர்ட் என்னும் மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது. ரொட்டியைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட்டும் ஒவ்வாது. மனைவிக்காகவே அவர் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் மாவையும், 1843இல் ஈஸ்ட் இன்றி உப்பச் செய்யும் மாவையும் உருவாக்கினார். ஒருவருக்கு ஒவ்வாமை இருந்ததால் பிறந்த பொருள் இன்று உலகெங்கும் அடுப்படிகளில் இருக்கிறது! மசித்த வாழைப்பழம் மாவைப் பிணைத்து நிற்கச் செய்யும் என்பதையும் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மேலே பளபளக்கும் பழக்கூழும் சில வகைப் பாலாடைகளும் இறுகுவதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. நம் பள்ளியில் மலாய் ஆசிரியைகள் பணியாற்றுகிறார்கள். புலால் உண்ணாத குடும்பத்துப் பிள்ளைகளும் பயில்கிறார்கள். ஹலால் முத்திரை முன்னவரின் ஐயத்தைத் தீர்க்கும். பின்னவருக்கு அது போதாது. மாட்டு ஜெலட்டினும் ஹலாலாக இருக்கலாம் அன்றோ? ஒரே வகுப்பில் எல்லோரும் ஒன்றாக உண்ண வேண்டுமானால் இரண்டையும் கேட்டே ஆக வேண்டும்.

ஜொகூர் பாருவின் பழைய நகர்ப் பகுதிக்குச் செல்வோர், செய்பவரும் விற்பவரும் ஓரிடத்தில் இருக்கும் கடைகளை அங்கே காணலாம். ஜாலான் டோபியில் உள்ள சலாஹுடின் ரொட்டிக்கடை 1937 முதல் நடைபெற்று வருகிறது; இந்திய முஸ்லிம் குடும்பத்தினருடையது. அதற்கு அண்மையில், ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ என்னும் சீனர் கடை உள்ளது. அது 1919இல் தொடங்கப்பட்டதாகக் கூறுவர். இரண்டிலும் விறகடுப்புதான். ஹியாப் ஜூவின் வாழைப்பழ அணிச்சலுக்கு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதன்மேல் பூவும் இல்லை, பொம்மையும் இல்லை. நம்மைப் போல் தொலைவிலிருந்து வருவோருக்கு அதுவே ஒரு வசதி என்பது என் கருத்து.

ஏனெனில் வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடும். நம் மாநிலத்து நண்பகல் வெயிலே 32 பாகையை எட்டுகிறது. மூடிய வண்டிக்குள் அதைவிடப் பன்மடங்கு புழுக்கம். செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளின் கூடையில் வைத்துக் கொண்டுவந்த வெண்ணெய்ப் பூவேலை பள்ளியை அடையும்பொழுது குழம்பாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதனால்தான் பல கடைகள் வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பைப் பயன்படுத்துகின்றன. அது சற்று மிகுந்த சூட்டையும் தாங்கும். சுவையில் வெண்ணெய்க்கு ஈடாகாது. அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து கிடைப்பது. நம் பெற்றோர் அறுத்துச் சுமக்கும் குலைகளின் எண்ணெய், பாசிர் கூடாங் போன்ற இடங்களின் ஆலைகளில் சுத்திகரிக்கப்பட்டு, வெள்ளைப் பூவாகப் பிள்ளையின் தட்டுக்கே திரும்பி வருகிறது என்று சொன்னால் மாணவர்கள் வியப்படைகிறார்கள்.

அணிச்சலைக் காலையிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வண்டியின் இருக்கையிலோ மடியிலோ வைக்காமல், காலடியில் சமதளமாக வையுங்கள்.

முன்னர் குறிப்பிட்ட மாணவியின் பிறந்தநாளும் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. இம்முறை வேறொரு சிறிய கடைக்குச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் கூறினேன். அக்கடைக்காரர் சற்று நேரம் யோசித்தார். "ஐயா, முட்டை வேலை தொடங்குவதற்கு முன், விடியற்காலையில், கழுவிய புதுப் பாத்திரத்தில் முதல் வேலையாக இதைச் செய்கிறேன். ஏழு மணிக்கு வாருங்கள்" என்றார். ஏழு மணிக்குப் போனேன். அணிச்சல் ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. மேலே எழுதிய பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது. அவளுடைய தாயார் முதல் துண்டை ஊட்டிவிட்டு அரைமணி நேரம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.