கப்பலுக்கு வழிவிடும் பாலம்

இந்த மாத வகுப்புக்குப் பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். நம்ம தோட்டத்துப் பெரியவர்களில் இராமேஸ்வரம் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில் பிராகாரத்தையும் 22 தீர்த்தங்களையும் சொல்லிவிட்டு, "ரயிலு கடல் மேலயே போச்சுப்பா" என்பார்கள். அந்தப் பாலம் நடுவில் இரண்டாகத் திறக்கும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இராமேஸ்வரம் ஒரு தீவு. அதற்கும் மண்டபத்துக்கும் இடையில் ஓடுவது பாம்பன் கால்வாய். ரயிலுக்குக் குறுக்கே வழி வேண்டும், படகுக்கும் கப்பலுக்கும் நெடுக்கே வழி வேண்டும். பாலத்தை உயர்த்திக் கட்டினால் ரயில் ஏறத் திணறும். தாழ்த்திக் கட்டினால் கப்பல் போகாது. 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், தாழ்வாகத்தான் கட்டப்பட்டது. ஆனால் கப்பல் போகும் இடத்தில் மட்டும் இரண்டு இரும்பு இறக்கைகள்.

அமெரிக்காவின் சிகாகோவில் வேலை செய்த வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளரின் முறை இது. ஒவ்வோர் இறக்கையும் நானூறு டன்னுக்கு மேல். அதைத் திறந்தது மோட்டார் இல்லைங்க, மனிதக் கைகள்! இரு பக்கமும் ஆட்கள் கம்பிகளைத் தள்ளிச் சுற்றுவார்கள், பல்சக்கரம் சுழலும், இறக்கை மெல்ல மேலே போகும்.

எப்படி முடிந்தது? ஓர் அடிக்கோலைப் பென்சில் மேல் வைத்து, குட்டையான பக்கத்தில் காசுகளை அடுக்குங்கள். சமநிலை வந்ததும் நீண்ட பக்கத்தை ஒரே விரலால் தூக்கலாம். பாலத்திலும் இறக்கையின் வால்பக்கம் எதிர்எடை இருந்தது. அடிப்பகுதி ஆடும் நாற்காலியின் கால் மாதிரி வளைந்திருப்பதால், இறக்கை பின்னால் உருண்டுகொண்டே எழும். ஆட்கள் நானூறு டன்னைத் தூக்கவில்லை. உராய்வையும் காற்றையும்தான் எதிர்த்துத் தள்ளினார்கள். அந்தக் காற்றும் அங்கே லேசுப்பட்டதில்லை.

1964 டிசம்பர் புயலில் நூற்றுக்கும் அதிகமானவர்களுடன் ஒரு ரயில் கடலில் போனது. பாலத்திலிருந்து விழுந்தது என்று பலர் நினைக்கிறாங்க. இல்லை. பாலத்தைத் தாண்டி, தீவுக்குள் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை அடித்துப்போனது. தனுஷ்கோடி ஊரும் அதோடு அழிந்தது. பாலத்தின் பெரும்பாலான உத்தரங்களும் கடலுக்குள் போயின. தூக்கும் இறக்கைகள் மட்டும் தப்பின. பின்னாளில் டில்லி மெட்ரோவால் பெயர் பெற்ற ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். விழுந்த உத்தரங்களைக் கடலிலிருந்து மீட்டு, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள்.

உப்புக்காற்றில் இரும்பு நூறு வருஷம் தாங்கியதே பெரிது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6, இராமநவமி அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். இதில் இறக்கை இல்லை. 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, இரு கோபுரங்களுக்கு நடுவே மின்தூக்கி போல நேராக 17 மீட்டர் மேலே போகும். மின்சாரம் இழுக்கிறது. ஆனால் எதிர்எடை இங்கேயும் உண்டு.

நம் நாட்டில் குவாலா திரெங்கானு ஆற்று முகத்துவாரத்தில் 2019-இல் ஒரு திறக்கும் பாலம் வந்தது. பள்ளி விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள், அது பழைய பாம்பன் மாதிரி திறக்கிறதா, புதிய பாம்பன் மாதிரியா என்று பார்த்துவந்து வகுப்பில் சொல்லுங்கள்.