சோற்றின் அளவும் அவமோதரியமும்
(நீரிழிவு உடையார்க்கு ஓர் உணவுப் பாடம்)

"நாங்கள் கிழங்கு வகைகளைத் தொடுவதே இல்லை. அங்ஙனமிருக்க எங்கள் வீட்டில் மூவர்க்கு நீரிழிவு வந்தது எவ்வாறு?" இவ்வினாவைத் திருமண வீடுகளிலும் ஜினாலயத் திருவிழாக்களிலும் பலமுறை கேட்டுள்ளேன். வினா நியாயமானதே. விடை நம் உண்கலத்தில் இருக்கிறது.

வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 17 முதல் 20 கிராம். நாம் உண்ணும் வெள்ளரிசிச் சோறு 100 கிராமில் அஃது ஏறத்தாழ 28 கிராம். நாம் கிழங்கை விலக்குவது அதனுள் உறையும் எண்ணிறந்த உயிர்களின் பொருட்டு. சர்க்கரையின் பொருட்டு அன்று. அவ்விரதமே நோய்க்கும் காப்பு என்று எண்ணிக்கொள்வது பிழை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல் விளைவித்து வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, கதிரவன் மறையுமுன் தோசை. மூன்றும் அரிசியே; வடிவந்தான் வேறு. கிழங்கிற்கு மாற்றாக நாம் வறுக்கும் வாழைக்காயும் மாவு மிக்கதே.

மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கிறது. அதனை உடலின் உயிரணுக்களுள் சேர்ப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் ஏவலுக்கு உடல் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் படியும் மிகைக் கொழுப்புக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆதலின் பருத்த உடலினர்க்கு எடை குறைத்தலே ஒரு மருத்துவம். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 100க்கு 46 பேர் ஓராண்டின் முடிவில் நீரிழிவு மருந்தின்றியே நோய்வரம்பிற்குக் கீழே இருந்தனர். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களுள் அவ்வாறு இருந்தோர் 100க்கு 86 பேர். இஃது எல்லார்க்கும் கைகூடும் என்று சொல்ல வரவில்லை. உடல் எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பெரும்பாலோர்க்குச் சர்க்கரை தணியும். இயல்பாகவே மெலிந்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் எடை குறைக்க முற்படலாகாது.

இனி, எந்தத் தானியத்தை உண்பது? இங்கே என் பிழையைச் சொல்லியாக வேண்டும். நோய் கண்ட நாளில் அரிசியை அறவே நிறுத்திவிட்டு, வேளைக்கு இரண்டு பெரிய குவளை கேழ்வரகுக் கூழ் பருகத் தொடங்கினேன். மூன்று திங்கள் கழித்துச் சோதித்தபோது சர்க்கரையும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை. மருத்துவர் கேட்டது ஒன்றே: "ஒரு வேளைக்கு எவ்வளவு மாவு போடுகிறீர்கள், அம்மா?" பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு முகத்தல் அளவையும் நிறுத்தல் அளவையும் கற்பித்தவள் நான். என் அடுக்களையில் ஒரு நாளும் அளந்து பார்த்தவளல்லேன்.

அரிசி 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். கேழ்வரகில் ஏறத்தாழ 67 முதல் 72 கிராம். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. அது நல்ல தானியமே. எனினும் நுண்ணிய மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது விரைந்து செரித்துச் சர்க்கரையை விரைந்தே ஏற்றுகிறது. தானியத்தின் பெயர் மட்டும் போதாது. அளவு, சமைக்கும் முறை, உடன் உண்பவை ஆகிய மூன்றையும் நோக்க வேண்டும்.

அளவிற்கு நம் முன்னோர் வகுத்த நெறியே உண்டு. புறத்தவம் ஆறனுள் இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறைய உண்ணாமை. ஆடவர்க்கு 32 கவளமும் பெண்டிர்க்கு 28 கவளமும் நிறையுணவு. அதில் ஒரு கவளம் குறையினும் அவமோதரியமே என்று நம் சாத்திரங்கள் கூறும். இதனை நான் சோற்றுக்கு மட்டும் கைக்கொண்டேன். முதற்கிழமை வழக்கமாக உண்ணும் கவளங்களை எண்ணினேன். பின்னர்க் கிழமைக்கு இரண்டு கவளமாகக் குறைத்து, வேளைக்கு 50 கிராம் அரிசியில் நிறுத்தினேன். அது வெந்தால் 140 கிராம் அளவுச் சோறாகும். அதற்குக் கீழே நான் போகவில்லை. பசியால் வாடிப் பின்னர் முறுக்கில் கை வைப்பதற்கு அதுவே மேல்.

குறைத்த இடத்தை வெறுமையாக விடலாகாது. உண்கலத்தில் பாதி புடலை, பீர்க்கு, சுரை, அவரை, கொத்தவரை, பாகல் போன்ற காய்கள். கால்பங்கு பச்சைப்பயறு, கொண்டைக்கடலை முதலியன. எஞ்சிய கால்பங்கே சோறு. பயறுகளிலும் மாவுச்சத்து உண்டாயினும், புரதமும் நாரும் சேர்ந்திருத்தலால் மெல்லச் செரிக்கும். காயையும் பயற்றையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால் உணவிற்குப் பிந்திய சர்க்கரை குறைவாக ஏறுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். உண்டபின் பத்து நிமிடம் நடப்பதும் அவ்வாறே உதவும். வெல்லமும் கருப்பட்டியும் நீரிழிவுக்குச் சர்க்கரையே. தேன் நமக்கு முன்பே விலக்கு. அந்த வாதம் நம்மிடம் எழ வேண்டியதில்லை.

இறுதியாக, தசலக்ஷண பர்வத்தில் ஏகபுக்தம் இருப்போரும், இரவுண்ணா விரதம் பூண்டோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே வேளையில் பொங்கலும் பாயசமுமாக நிறைய உண்டால் சர்க்கரை மிகுதியாக ஏறும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்க்கு மற்றோர் அபாயம் உண்டு: மாலையில் உண்டபின் விடியும்வரை நீளும் இடைவெளியிலும், உணவைக் குறைத்த நாள்களிலும், சர்க்கரை 70க்குக் கீழே வீழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவைக் குறைக்குமுன்னரும் நோன்பு ஏற்குமுன்னரும் மருத்துவரிடம் சென்று மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு ஏற்கும்போதே மருந்திற்கு விலக்கு வைத்து ஏற்பது நன்று. படுக்கையருகே 15 கிராம் குளுக்கோஸும் ஒரு குவளை நீரும் இருக்கட்டும். அறிகுறி தோன்றின் நள்ளிரவாயினும் தயங்காமல் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, 70க்குக் கீழேயே இருப்பின் மறுமுறையும் பருக வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இதனை நோயாளி மட்டுமன்றி, உடன் உறங்கும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.