வாலிபர் கையில் பொறுப்பும் பணமும்



கோவில் திருநாள் நெருங்கும்போது நம் வாலிபர்களை எல்லோரும் தேடுகிறோம். பந்தல் போட, நாற்காலி அடுக்க, சப்பரம் தூக்க, வீடு வீடாகச் சென்று வரி பிரிக்க அவர்கள் வேண்டும். ஆனால் திருநாள் வரவு செலவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெரியவர்கள் முடிவு செய்ததை வாசலில் நின்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்பதே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பொறுப்பைக் கொடாமல் பொறுப்பை எதிர்பார்ப்பது, கிணற்றில் இறங்க விடாமல் நீச்சல் கற்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வாலிபர் தாங்களே ஒரு பொதுப் பணியைத் தெரிந்துகொண்டு, தாங்களே நடத்தி, அதற்கு வேண்டிய பணத்தையும் தாங்களே தேடி, கணக்கும் ஒப்புவிக்கும்படி நாம் எப்படி உதவலாம்? இந்த வாரப் பாடம் இதைப் பற்றியது.

1. இருபது வயதில் தொடங்கிய வேலை

அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையை அறியாதவர் நம்மில் இல்லை. வாரந்தோறும் கூடி, ஏழைக் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே சென்று காணும் சபை அது. அதைத் தொடங்கியவர்கள் மேற்றிராணிமாரும் அல்ல, செல்வந்தரும் அல்ல; பாரிஸ் நகரத்துக் கல்லூரி மாணவர் அறுவர் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அவர்கள் முதன்முறை கூடினார்கள். அவர்களுள் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. முந்திய ஆண்டில் காலரா நோய் பாரிஸில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது. மாணவர்களின் விவாதக் கூட்டங்களிலே எதிரணியார், உங்கள் வேதம் முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் செய்வது என்ன என்று கேட்டுவந்தார்கள். அந்தக் கேள்விக்கு வாய்ப்பேச்சால் பதில் சொல்ல இவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அவர்களோடு எம்மானுவேல் பாய்யி என்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஏறக்குறைய 40 வயதான பத்திரிகையாளர். கூடுவதற்குத் தம் பத்திரிகை அலுவலகத்தைக் கொடுத்தார், தலைமையும் வகித்தார். ஏழைகளை எங்கே போய்க் காண்பது என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. ஆகையால் மூப்தார் வட்டாரத்தில் நெடுங்காலம் ஏழைகளிடையே உழைத்த பிறர் சிநேகக் கன்னிகை ரோசலி ரெந்துவிடம் போனார்கள். அவர் குடும்பங்களின் பெயர்களையும், ரொட்டி வாங்கத்தக்க சீட்டுகளையும் கொடுத்தனுப்பினார். வீடு தேடிப் போனவர்கள் மாணவர்கள். கண்டதை அடுத்த வாரக் கூட்டத்தில் வந்து சொன்னவர்களும் அவர்களே. பொருளாளர் பொறுப்பும் தெவோ என்ற மாணவரிடமே இருந்தது.

ஓசானாம் 1853-ல், 40 வயதில் இறந்தார். 1997-ம் ஆண்டு, உலக இளைஞர் தினத்துக்காகப் பாரிஸ் வந்த பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். சகோதரி ரோசலிக்கும் 2003-ல் அப்பட்டம் கிடைத்தது. அந்தச் சபை இன்று ஏறக்குறைய 150 நாடுகளில் இருக்கிறது.

இதில் பெரியவர்கள் இருவருடைய பங்கைக் கவனியுங்கள். ஒருவர் இடம் கொடுத்தார், மற்றவர் வழி காட்டினார். ஆனால் மாணவர்கள் ஏறவேண்டிய மாடிப்படிகளை அவர்களுக்குப் பதிலாக இவர்கள் ஏறிவிடவில்லை.

2. பார்த்தல், நிதானித்தல், செய்தல்

ஆசை இருந்தால் மட்டும் போதாது, முறையும் வேண்டும். பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜோசப் கார்டைன், ஆலைகளில் உழைத்த வாலிபரையும் பெண் பிள்ளைகளையும் கூட்டி, 1925-ம் ஆண்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். அவர் கற்றுக்கொடுத்த முறைக்கு மூன்று படிகள் உண்டு. முதலில் உள்ளதை உள்ளபடி பார். பிறகு அது சரியா, தவறா, என்ன செய்யத்தகும் என்று நிதானி. கடைசியாகச் செய். 1961-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் தமது சமூகப் போதனைக் கடிதத்தில் இந்த முறையை ஏற்றுரைத்து, வாலிபர் இதை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் செயலிலும் பழகவேண்டும் என்று விரும்பினார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நம் வாலிபர்கள், "முதியோருக்கு ஏதாவது செய்யலாம்" என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். உடனே தோன்றுவது என்ன? ஒரு விழா, ஆளுக்கொரு வேட்டி, சேலை, மேடையில் புகைப்படம். பார்க்காமல் செய்வது இதுதான்.

பார்ப்பதானால், இருவர் இருவராக நோட்டுப் புத்தகத்துடன் 20 வீடுகளுக்குப் போகவேண்டும். யாருக்கு என்ன தேவை என்று முதியோரிடமே கேட்கவேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசாங்கத் திட்டம் தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு தொடங்கியது. அது இந்த வீட்டுக்கு வருகிறதா? வந்தால், எந்த மாத்திரை காலைக்கு, எது இரவுக்கு என்று படித்துச் சொல்ல ஆள் உண்டா? கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகப் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா? இவற்றைக் கேட்டறிந்தபின், வேட்டி சேலைப் பேச்சு தானாகவே நின்றுவிடும்.

நிதானிப்பதாவது: நாம் 12 பேர், ஆறு மாதம் விடாமல் செய்யக்கூடியது எது? ஆரம்ப சுகாதார நிலையம் செய்யவேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளாமல், விடுபட்டவர்களின் பெயரை அங்கே சேர்ப்பித்தால் போதுமா? செய்வதாவது: இன்னார், இன்ன வீட்டுக்கு, இன்ன கிழமை என்று எழுதிவைத்துப் போவது. சிறிய வேலையாக இருக்கட்டும். நடுவில் நின்றுவிடாத வேலையாக இருக்கட்டும்.

3. பணம்

நமதாண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது, அப்பமும் மீனும் ஒரு சிறுவனிடமிருந்து வந்தன என்று அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். வாலிபரின் பணியும் அவர்கள் கையிலுள்ள சிறியதிலிருந்தே தொடங்கவேண்டும்.

முதலாவது, சொந்தக் காசு. வின்சென்ட் தே பவுல் சபையில் ஒவ்வொரு கூட்டத்திலும் இரகசியக் காணிக்கை எடுக்கும் வழக்கம் உண்டு. யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. இருப்பவன் வீண்பெருமை கொள்வதில்லை, இல்லாதவன் தலைகுனிவதும் இல்லை. நம் வாலிபர் கூட்டங்களுக்கு இதைவிட நல்ல வழக்கம் இல்லை.

இரண்டாவது, மதிப்பீடு. மேலே சொன்ன உதாரணத்துக்கே கணக்குப் போடுவோம். மாத்திரைப் பெட்டி 20, ஒன்று 60 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். கண் பரிசோதனைக்கு ஆட்டோ மாதம் 4 தடவை, தடவைக்கு 150 ரூபாய் வீதம், 6 மாதத்துக்கு 3,600 ரூபாய். நோட்டும் நகலும் 200 ரூபாய். ஆக 5,000 ரூபாய். இரகசியப் பையில் தலைக்கு வாரம் 10 ரூபாய் விழுமானால், 12 பேர் 26 வாரத்தில் சேர்ப்பது 3,120 ரூபாய். மீதி 1,880 ரூபாய்க்குத்தான் அவர்கள் நம் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். இப்படிக் காகிதத்துடன் வருகிற பிள்ளைக்குக் கொடுக்க யாருக்குக் கை வராது?

மூன்றாவது, காவல். பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். எந்தச் செலவுக்கும் இரண்டு கையொப்பம். வாங்கியதற்கு இரசீது, கொடுத்ததற்குப் பில். மாதம் ஒருமுறை கணக்கைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். பணம் பங்குக் கணக்கில் இருந்தாலும் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்; அவர்கள் கையொப்பமின்றிப் பங்குக்குருவும் அதைத் தொடலாகாது.

நான்காவது, எந்தப் பணத்தை மறுப்பது என்ற தெளிவு. தம் பெயரும் படமும் பலகையில் வரவேண்டுமென்று கொடுப்பவரின் பணம், வேலையையும் அவர் பக்கம் இழுத்துவிடும். வெளிநாட்டு உதவியில் சட்டமும் உண்டு. வெளிநாட்டு அமைப்பிடமோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடமோ ஒரு சங்கம் நன்கொடை வாங்குவதானால், 2010-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசாங்கத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஆகையால் அப்படிப்பட்டவர்கள் அன்பினால் அனுப்ப முன்வந்தாலும், விசாரியாமல் வாங்கவேண்டாம்.

பெரும் பணத்தையும் இளையோரை நம்பி விடலாமா என்று கேட்போருக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகராட்சி 2014-ல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை 12 முதல் 25 வயது வரையுள்ளோருக்குக் கொடுத்தது. இளையோர் யோசனைகளைத் திரட்டினார்கள், அவர்களுள் சிலர் நகராட்சி அலுவலரோடு உட்கார்ந்து செலவை மதிப்பிட்டார்கள், பிறகு வாக்கெடுப்பு. 1,500-க்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். அவர்கள் கேட்டது கேளிக்கையா? பூங்காவைச் சீர்ப்படுத்துவது, உயர்நிலைப் பள்ளிகளுக்கு மடிக்கணினி போன்றவற்றையே தெரிந்துகொண்டார்கள். அங்கே அலுவலர் செய்த உதவி, இது எவ்வளவு ஆகும், இது சட்டப்படி கூடுமா என்று சொன்னது. எது வேண்டும் என்ற முடிவு பிள்ளைகளுடையது.

4. பெற்றோர் கேட்கும் கேள்விகள்

படிப்பு கெட்டுப்போகாதா? வாரத்தில் ஒரு கூட்டம், ஒரு வீட்டுச் சந்திப்பு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பரீட்சை மாதங்களில் யார் யாருக்குப் பதிலாக யார் போவது என்பதையும் அவர்களே முன்கூட்டித் தீர்மானிக்கவேண்டும். அதுவும் ஒரு படிப்பே.

பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? கூட்டத்தை இரவில் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். பிறகு வராதவர்கள் என்று பெயரும் சூட்டிவிடுவோம். ஞாயிறு காலைப் பூசை முடிந்தவுடன் வையுங்கள். வீட்டுச் சந்திப்புக்கு இருவராகப் போகட்டும். சிறு வயதினரோடு நம்பிக்கையுள்ள பெரியவர் ஒருவரும் போகட்டும். தலைமையும் பணப்பெட்டியும் ஆண்களுக்கு, கோலமும் அலங்காரமும் பெண்களுக்கு என்ற ஏற்பாடு வேண்டாம்.

வேலை தோற்றுவிட்டால்? தோற்கலாம். அப்போது பெரியவர்கள் புகுந்து முடித்துக்கொடுத்தால், அடுத்த முறை அவர்கள் தொடங்கவே மாட்டார்கள். உட்காரவைத்து, எங்கே தவறியது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். காசு குறைந்தால் ஏச்சுக்குமுன் நோட்டைத் திறந்து பாருங்கள். களவைவிட எழுதாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாயிருக்கும். உண்மையிலேயே எடுத்திருந்தால், மறைக்காமல் திருப்பிக் கட்டச் செய்யுங்கள். பிள்ளையைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள்.

5. குடும்பத்தில் கூடிச் சிந்திக்க

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்தபின், பிள்ளைகளையும் உட்காரவைத்து இவற்றைப் பேசுங்கள். முதற்பேச்சு வீட்டில் இளையவருடையதாக இருக்கட்டும்.

அ) நம் தெருவில் யாருக்கு உதவி தேவை? அவர்களிடமே போய்க் கேட்டிருக்கிறோமா?

ஆ) நம் வீட்டுச் செலவில் எதையாவது தீர்மானிக்க நம் பிள்ளைகளுக்கு இதுவரை இடம் கொடுத்ததுண்டா?

இ) வாலிபர் கூட்டத்துக்கு நாம் தரக்கூடியது எது: இடமா, வழிகாட்டலா, கணக்கு எழுதும் பழக்கமா?

ஈ) அவர்கள் நமக்குப் பிடிக்காத ஒரு வேலையைத் தெரிந்துகொண்டால், அது நல்லதாயிருக்கும் பட்சத்தில், அதற்கும் நம் பணத்தைக் கொடுப்போமா?