பை 22/7 என்றால், அது விகிதமுறா எண் ஆவது எப்படி?

கேள்வி: வட்டக் கணக்குகளில் பையின் மதிப்பை 22/7 என்று போடுகிறோம். அது பின்னம்தானே? பிறகு ஏன் பையை விகிதமுறா எண் என்கிறார்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வன்னியம்பட்டி

பதில்: அருமையான கேள்வி. 22/7 பையின் சரியான மதிப்பு அன்று. அதற்கு மிக அருகில் உள்ள எளிய பின்னம்.

இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடிந்தால் அது விகிதமுறு எண் (பகுதி மட்டும் பூச்சியமாகக் கூடாது). 22-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.142857142857… என்று ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். 7-ஆல் வகுத்தால் மீதியாக 1 முதல் 6 வரைதான் வர முடியும். ஆகவே வந்த மீதியே மறுபடி வந்தாக வேண்டும்; வந்ததும் பழைய இலக்கங்களும் அதே வரிசையில் தொடரும். எந்தப் பின்னத்தின் தசமமும் இப்படிச் சுழலும், அல்லது முடிந்துவிடும்.

பையோ 3.14159265… என்று முடியாமலும் சுழலாமலும் போய்க்கொண்டே இருக்கிறது. அது விகிதமுறா எண் என்பதை 1761-இல் யோஹான் லாம்பெர்ட் நிறுவினார்.

நம் கணிதமேதை ராமானுஜன் 1913-இல், பைக்கு இன்னும் நெருக்கமான 355/113 என்ற பின்னத்தைக் கொண்டு, வட்டத்துக்கு ஏறத்தாழச் சமமான பரப்புள்ள சதுரம் வரையும் முறையை வெளியிட்டார். 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கும் சதுரத்தின் பக்கத்தில் சுமார் ஓர் அங்குலமே பிழை வரும். அத்தனை நுட்பமான பின்னமும் பைக்கு நிகராகாது.

விகிதமுறா எண்களைப் பற்றி இன்னொன்றையும் மறவாதீர்கள்: √2 விகிதமுறா எண், √4 அப்படியல்ல, அது 2. வர்க்கமூலக் குறியைப் பார்த்ததுமே முடிவு கட்டாமல், மதிப்பைக் கண்டபின் விடை எழுதுங்கள்.