பால்கனி என்றார்கள், பற்றுச்சீட்டில் ஜன்னல்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை. என் கணவருக்கு எழுபது வயது நிறைவதால், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காசு சேர்த்து எங்களைச் சென்னையிலிருந்து புறப்படும் ஐந்து இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு அனுப்ப விரும்புகிறார்கள். டவுனில் உள்ள ஒரு பயண முகவரிடம் இரண்டு இலட்சம் ரூபா முற்பணம் கட்டினோம். பால்கனி அறை என்று சொல்லி வட்ஸ்அப்பில் படங்களும் குரல் பதிவும் அனுப்பினார். ஆனால், பிறகு தந்த பற்றுச்சீட்டில் ‘கடல் காட்சி அறை’ என்று இருக்கிறது. கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்” என்கிறார். முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் அச்சடித்திருக்கிறது. பணம் போய்விடுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, அம்மா. கடல் காட்சி அறை என்றால் பெரும்பாலும் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். பால்கனி அறைக்கு வெளியே போகக் கதவு இருக்கும், நாற்காலி போட்டு உட்காரலாம். விலையும் வேறு.

நீங்கள் கப்பலின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டு ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்த ‘எம்பிரஸ்’ கப்பல் 1990இல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி உள்ள அறைகள் கொஞ்சம்தான். ஆகவே எந்த முகவராவது “பால்கனிதானே, போட்டுவிடலாம்” என்று இலேசாகச் சொன்னால், எந்தத் தளம், எந்த வகை, என்ன அறை எண் என்று உடனே கேளுங்கள். கப்பலின் தள வரைபடத்தை முகவரால் தர முடியும். தரத் தயங்கினால் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.

சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஒப்பந்தம் யாரோடு என்பதுதான். பற்றுச்சீட்டை எடுத்துத் தலைப்பைப் பாருங்கள். முகவர் தன் கடையின் பெயரில், விமானச் சீட்டும் கப்பலும் சேர்ந்த ஒரே தொகுப்பாக விற்றிருந்தால், அதற்கு அவரே பொறுப்பு. ‘இன்ன கப்பல் நிறுவனத்தின் சார்பில்’ என்று எழுதியிருந்தால், தான் வெறும் முகவர், கப்பல்காரரிடம் கேளுங்கள் என்று கைகழுவ இடம் கிடைக்கிறது. அப்போதும், சொன்னது பொய் என்றால் பொய் சொன்னவர் தப்ப முடியாது. ஆனால் கப்பல் நிறுவனத்தைத் தேடிப் போவது என்றால் கடல் தாண்ட வேண்டும். அவர்களுடைய சீட்டில், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே இரண்டு வருடத்துக்குள் முறையிடலாம் என்றாலும், ஹட்டனிலிருந்து அதை நடத்துவது இலேசான காரியமில்லை. டவுனில் கடை வைத்திருப்பவர் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். பிடியை அவர்மேல் வையுங்கள்.

அதற்கான ஆயுதம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. பொருளின் அல்லது சேவையின் தரம் பற்றிப் பொய்யாகக் கூறுவதை 31ஆம் பிரிவு தடை செய்கிறது. பால்கனிப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு ஜன்னல் அறையை எழுதித் தருவது இந்த இரண்டுக்குள்ளும் வரும் என்பது என் கருத்து. வட்ஸ்அப் செய்தியெல்லாம் சாட்சியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. அந்தக் குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றும்போதுதான் நம்மவர் பலர் இதில் கோட்டைவிடுகிறார்கள்.

முற்பணம் திரும்பாது என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். நீங்களாக மனம் மாறிப் பயணத்தைக் கைவிட்டால் அந்த வரியை அவர் காட்டலாம். சொன்ன அறையைத் தராமல் ஒப்பந்தத்தை மீறியவர் அவராக இருக்கும்போது, அது அவரைக் காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை. நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும் உரோம-டச்சுச் சட்டப்படி, முக்கியமான நிபந்தனை மீறப்பட்டால் ஒப்பந்தத்தை முறித்து, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நட்டஈடும் கேட்கலாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கு மிகவும் மாறான ஒன்றைத் தரும் உரிமை தனக்கு உண்டென்று வியாபாரி அச்சடித்த நிபந்தனையைக் காட்டினால், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். இந்தச் சட்டத்தை நம் ஊர் வியாபாரிகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. முகவருக்கு எழுதும் கடிதத்தில் அதன் பெயரைக் குறிப்பிட்டாலே பேச்சின் தொனி மாறலாம்.

பாதை மாற்றம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். 2022 ஜூனில் ‘எம்பிரஸ்’ சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று புறப்பட்டது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை, கரைக்கு அருகே வந்தும் பயணிகளை இறக்காமல் திரும்பிப் போனது. இப்படித் துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்துக்கொள்கின்றன. அனுமதி மறுப்பு, புயல் போன்ற காரணங்களுக்கு அதை எதிர்த்து வெல்வது கடினம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம். 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் மலையகத்துக்குச் செய்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், கப்பல் ஓடாவிட்டால் பணமா, வேறு திகதியா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இந்திய விசாவையும் பாருங்கள். சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலில் இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்து, மறுபடி சென்னையில் இறங்குவது இந்தியாவுக்குள் இரண்டு நுழைவு. ஒரே நுழைவு விசா என்றால் திரும்பி வரும்போது சிக்கல். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் ஊரிலிருந்து இன்று ஒருவர் பால்கனிக்காக வாதாடுகிறார் என்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடதாசி விஷயத்தில் நம்மவர் பட்டது போதும்.

இனி செய்ய வேண்டியவை. மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். முகவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். பதினான்கு நாளைக்குள் பால்கனி அறையின் வகையும் எண்ணும் குறித்த புதிய பற்றுச்சீட்டைத் தர வேண்டும், இல்லையேல் முற்பணத்தைத் திருப்ப வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், அவர்களுடைய உடனடி இலக்கம் 1977. மூன்று மாதக் கெடு இருக்கிறது. பயணம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த அளவு தொகைக்கு நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகும்படி இருக்கும், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. கடைசி வழியான வழக்குக்கு, எழுத்து ஒப்பந்தமென்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சென்றால் மூன்று வருடம் அவகாசம். கப்பலில் உங்கள் பெயரில் அறையே பதிவாகவில்லை என்று தெரிந்தால் மட்டும் பொலிஸுக்குப் போங்கள், அது மோசடி.

முகவர் இறங்கி வந்து விலை வித்தியாசத்தைக் கேட்டால், முதலில் சொன்ன விலை பால்கனிக்கா என்று குரல் பதிவில் பாருங்கள். அதற்குத்தான் என்றால் ஒரு சதம் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. வயதைப் பார்த்தால், மின்தூக்கிக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையாகக் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு, நடையும் குறைவு. அதையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.