நாயுடுபேட்டைச் சபைகளும் சமூகப்பணியாளரும்

அன்புள்ள மகளுக்கு,


நாயுடுபேட்டையைச் சுற்றியுள்ள சபைகளில் ஏழைகள் உதவி கேட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் அல்லர். உள்ளே தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்தான் ஏழைகள். நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கும் பெண்கள், மேனகூரு தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போய்வரும் பிள்ளைகள், பென்ஷனை நம்பி இருக்கும் முதியவர்கள் ஆகியோரே சபையார். 1865இல் ஆகஸ்ட் மைலியஸ் சூலூர்பேட்டையில் தொடங்கிய ஹெர்மான்ஸ்பர்க் மிஷன் நாயுடுபேட்டை, கூடூர், காளஹஸ்தி, திருப்பதி என்று பரவியது. இன்றைய தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்ததே. அதன் மக்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள சேரிகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே ‘சபை ஏழைகளுக்கு என்ன செய்யலாம்’ என்ற கேள்வி இங்கே பொருந்தாது. ஏழைகளாகிய சபையார் ஒன்றுசேர்ந்து தங்கள் வறுமையை எப்படி எதிர்ப்பது, அதற்குப் படித்த ஒரு சமூகப்பணியாளர் எந்த வகையில் துணையாகலாம் என்பதே கேள்வி.

இதற்கு நல்ல பாடம் இதே கடற்கரையில், வடக்கே ஒங்கோலில் கிடைக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது அங்கிருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், கஞ்சித் தொட்டி வைத்ததோடு நிற்கவில்லை. மிஷனரியாவதற்கு முன் நில அளவை வேலை செய்தவர் அவர். சென்னையிலிருந்து பழவேற்காடு ஏரி வழியாக வடக்கே போகும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஏறத்தாழ மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து அவரே எடுத்தார். மற்ற வேலை முகாம்களில் தலித் சாதியினரான மாதிகர் அடியும் வசையும் வாங்கினர்; கூலியும் முழுதாகக் கைக்கு வரவில்லை. கிளஃபின் முகாமில் அவர்களுடைய உபதேசிமார்களே மேஸ்திரிகளாக நின்றார்கள். வேலைக்கேற்ற கூலி கிடைத்தது. மாலையில் வேலை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருந்தது.

அவர் செய்த இன்னொன்று இதைவிடப் பெரியது. பஞ்ச நிவாரணம் நடந்த காலம் முழுவதும், ஆயிரக்கணக்கானோர் கேட்டும், யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பதே காரணம். நிவாரணம் நின்ற பிறகே ஆற்றங்கரைக்கு மக்களை அழைத்தார். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கிறிஸ்தவ சமூகப்பணியாளர் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய வரலாறு இது. உதவி பெறும் வீட்டாரிடம் சபைக்கு வருவதைப் பற்றிப் பேசக்கூடாது. சபைக்கு வராத வீட்டை உதவிப் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. சட்டத்துக்கும் சந்தேகத்துக்கும் பயந்து கடைப்பிடிக்கும் விதி அல்ல இது. பசியில் இருப்பவரிடம் விசுவாசத்தை விலையாகக் கேட்பது அநீதி.

ஏழைச் சபைக்குக் கையில் ஒன்றுமே இல்லை என்ற எண்ணத்தை உடைத்தவர் ஒரு தமிழர். திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அவருடைய தெலுங்குச் சபையார் பெரும்பாலும் நிலமில்லாத கூலிகள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. தங்கள் உபதேசிமார்களைத் தாங்கும் செலவில் அந்த மக்களும் பங்கெடுத்தார்கள். பிடி அரிசியில் சேரும் தொகை சிறியதுதான். ஆனால் கொடுக்கிறவள் கணக்குக் கேட்கும் உரிமையையும் பெறுகிறாள். வெளியிலிருந்து வரும் பணத்தால் அந்த உரிமையைத் தர முடியாது.

புதிதாக வரும் பணியாளருடைய முதல் வேலை வீடு வீடாகப் போவது. சபைப் பதிவேட்டில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் இருக்கும், கடன் இருக்காது. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு என்று கேட்டு எழுதினால்தான் வறுமையின் உண்மையான உருவம் தெரியும். வருமானக் குறைவை விடக் கடனும் நோயும் குடியும்தான் பல வீடுகளை வீழ்த்துகின்றன. இந்தக் கேள்விகளைக் கேட்கப் போதகரோடு போவதை விட மாதர் சங்கத்துப் பெண் ஒருத்தியோடு போவது நல்லது. போதகர் முன்னால் யாரும் குடியைப் பற்றிப் பேச மாட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும் பிரசங்கத்துக்கு உதாரணமாகக் கொடுக்காதிருப்பதும் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

அடுத்தது காகிதம். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் வேறு என்றிருந்தால் பென்ஷனும் படிப்பு உதவியும் நின்றுபோகும். கிராமச் செயலகமான சச்சிவாலயத்துக்கும் எம்.ஆர்.ஓ. எனப்படும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடந்து அலுத்த ஒருவரோடு கூட நடப்பது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் மிக அதிகப் பலன் தருவது அதுதான்.

இதில் சாதிச் சான்றிதழ் தனிச் சிக்கல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவரான தலித்துகளை ஆந்திரம் பிற்படுத்தப்பட்டோருக்கான பி.சி.-சி பிரிவில் வைத்திருக்கிறது. அதற்கான ஒதுக்கீடு 1 சதவீதம். அதனால் எத்தனையோ வீடுகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரிலும் அலுவலகத்தில் இன்னொரு பெயரிலும் வாழ்கின்றன. கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே இந்து எனச் சொல்லிப் பட்டியல் சாதிச் சலுகை பெற முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சேரி மாறவில்லை, தீண்டாமையும் மாறவில்லை, ஆனால் உரிமை மட்டும் போய்விடுகிறது என்பது பெரும் கொடுமை. அதற்காகப் பொய்ச் சான்றிதழ் வாங்க வழிகாட்டுவது பணியாளரின் வேலையாகாது. அது சான்றிதழ் வாங்கிய பிள்ளையின் வேலையையே ஒரு நாள் பறித்துவிடும். பி.சி.-சியின் கீழ் கிடைப்பதை முழுவதும் பெற்றுத்தருவதும், சட்டத்தை மாற்றக் கேட்கும் இயக்கங்களோடு சபையைச் சேர்ப்பதுமே நேர்வழி.

பழங்குடியினரான யானாதி மக்களுக்கு இந்தத் தடை இல்லை. பழங்குடித் தகுதிக்கு மதம் பார்ப்பதில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் அவர்களே. மீன் குட்டைக் காவலுக்கும் வயல் வேலைக்கும் முன்பணம் வாங்கி, அது தீராமல் குடும்பத்தோடு கட்டுண்டு கிடப்பவர்கள் அவர்களில் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. ஆர்.டி.ஓ.வோ கலெக்டரோ விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். சபை பணம் திரட்டி அந்தக் கடனை அடைப்பது இரக்கம் போலத் தோன்றினாலும், செல்லாத கடனைச் செல்லுபடியாக்குவது அதுதான். அந்த மக்கள் சபையில் இல்லை என்பதும் விலகி நிற்கக் காரணமாகாது.

சேமிப்பைப் பொறுத்தவரை, ஆந்திரத்தில் டுவாக்ரா எனப்படும் பெண்கள் சுயஉதவிக் குழு இல்லாத ஊர் அரிது. சபைக்கென்று தனிக் குழு தொடங்குவதை விட ஊர்க் குழுவில் சபைப் பெண்களும் இடம்பெறச் செய்வதே நல்லது. சேரியும் ஊரும் ஒரே பாயில் உட்கார அது வழிசெய்யும். கடனைக் காட்டிக் குழு சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. வாராவாரம் வீட்டு வாசலில் வந்து வசூலித்த நுண்கடன் நிறுவனங்களால் தற்கொலைகள் நடந்தன என்ற புகார் எழுந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததை இங்குள்ள பெண்கள் மறக்கவில்லை.

வெளிநாட்டுப் பணத்தின் காலம் சுருங்கிவிட்டது. சபைகள் வழியாகப் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கிய கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதையே தடுத்தது. நிதியை நம்பி நின்ற மாலை வகுப்புகள் நிதியோடு போயின. சபையில் பத்தாம் வகுப்பு தாண்டிய பெண்களைக் கொண்டு ஆலயத் தாழ்வாரத்தில் நடத்தும் வகுப்புக்கு ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் போதும்.

இந்தப் பணிகளுக்காக மாதர் சங்கம் சேர்க்கும் பணம் போதகர் பெயரிலோ பணியாளர் பெயரிலோ இருக்கக்கூடாது; வங்கிக் கணக்கில் இரண்டு பெண்களின் கையெழுத்தாவது இருக்க வேண்டும். அந்த இருவரும் ஒரே சாதியாகவோ ஒரே குடும்பமாகவோ இருப்பது ஆகாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிடி அரிசி விற்ற தொகை முதல் மருந்துக்குக் கொடுத்த தொகை வரை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி தெலுங்கில் உரக்க வாசிக்க வேண்டும். தமிழ் பேசும் வீடுகள் இருந்தால் தமிழிலும் ஒரு முறை.

அன்புடன்,
பெரியப்பா
நாயுடுபேட்டை